வீணைக்கும் ஓர் இருக்கை

ஐரோப்பிய நாடுகளுக்கிடையே பெரிய சாமான்களோடும் இசைக்கருவிகளோடும் பயணம் செய்வது பற்றி வந்த கடிதங்களை மட்டும் இம்முறை பதிலுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். கோயில் திருவிழாக்களும் அரங்கேற்றங்களும் நெருங்கும் பருவம் என்பதால் ஒரே வகையான ஐயம் பல ஊர்களிலிருந்தும் வந்திருந்தது. ஒன்றையொன்று ஒத்திருந்த கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம். ரயில், விமான நிறுவனங்கள் தங்கள் அளவுகளையும் கட்டணங்களையும் அடிக்கடி மாற்றுபவை. ஆகவே இங்கே வரும் எண்களை, டிக்கெட் எடுக்கும் நாளில் அந்தந்த நிறுவனத்தின் நிபந்தனைகளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கேள்வி: பாரிஸில் வசிக்கிறேன். சூரிச்சில் நடக்கவிருக்கும் ஒரு கச்சேரிக்கு என் வீணையை எடுத்துச் செல்ல வேண்டும். என் பாட்டியார் வாசித்த பழைய தஞ்சாவூர் வீணை அது. விமானத்தில் போவது நல்லதா, ரயிலில் போவது நல்லதா? எல்லையில் ஏதேனும் கேட்பார்களா?
– வாசகி, பாரிஸ்

பதில்: ரயிலில்தான் போக வேண்டும். பாரிஸின் கார் த லியோன் நிலையத்திலிருந்து சூரிச்சுக்கு நேரடி அதிவேக ரயில் இருக்கிறது. பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். விமான நிலையத்துக்குப் போய்க் காத்திருந்து இறங்கி வெளியே வரும் நேரத்தைக் கூட்டினால் விமானத்தில் மிச்சமாவது ஒன்றுமில்லை. அதைவிட முக்கியமானது, ரயிலில் வீணையை உங்கள் கையிலிருந்து யாரும் வாங்கிக்கொண்டு போகமாட்டார்கள் என்பது.

நீளம்தான் சற்றே யோசிக்க வைக்கும். பிரெஞ்சு அதிவேக ரயில்களில் ஒரு பயணி 70, 90, 50 சென்டிமீட்டர் அளவுக்கு உட்பட்ட இரண்டு பெட்டிகளையும் ஒரு சிறிய கைப்பையையும் கட்டணமின்றிக் கொண்டுவரலாம் என்பது 2024ஆம் ஆண்டு முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்படும் விதி. ஒவ்வொரு பெட்டியிலும் பெயர்ச்சீட்டு இருக்க வேண்டும். மீறினால் அபராதம் உண்டு. நான்கடி நீளமுள்ள வீணை இந்த அளவுக்குள் அடங்காது. ஆனால் பனிச்சறுக்குப் பலகை, உறையிலிட்ட இசைக்கருவி போன்றவற்றைச் சாதாரணப் பெட்டிகளோடு சேர்க்காமல் தனி வகையாகவே கணக்கிடுகிறார்கள். பாரிஸ்–சூரிச் வண்டிகளை லிரியா என்ற தனி நிறுவனம் நடத்துவதால், அந்த வகைக்கு என்ன அளவு என்பதை அவர்களுடைய நிபந்தனையில் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடைமேடையில் நிற்கும் ஊழியரிடம் வாதாடுவதைவிடத் தாளை நீட்டுவது எளிது. சுவிட்சர்லாந்துக்குள் ஓடும் ரயில்களில் 120, 80, 100 சென்டிமீட்டர் வரையிலான சாமானுக்குக் கட்டணமில்லை.

வண்டிக்குள் வீணையை எங்கே வைப்பது? வாசலருகே இருக்கும் இரும்புத் தட்டுகளில் வைக்காதீர்கள். அடுத்த நிலையத்தில் ஏறுபவர் தம் இருபது கிலோ பெட்டியை வீணையின் நீண்ட தண்டியின்மேல் சாய்த்துவிடுவார். தலைக்கு மேலுள்ள தட்டோ வீணையின் உருண்டைக் குடத்தின் உயரத்துக்குப் போதாது. ரயில் பெட்டியின் நடுப்பகுதியில் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும் இருக்கைகளுக்குப் பின்னால், தரையில் ஒரு முக்கோண இடைவெளி இருக்கும். பல பயணிகள் கவனிக்காத இடம் அது. கருவி அதில் முழுவதும் அடங்காவிட்டாலும் குடப்பகுதியை அங்கே ஊன்றி, தண்டியை உங்கள் சன்னலோரமாகச் சாய்த்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மாலை போன்ற நெரிசலான நேரமாயிருந்தால் பக்கத்து இருக்கைக்கும் ஒரு டிக்கெட் எடுத்துவிடுங்கள். வீண்செலவு என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். உடைந்த தண்டியைச் சரிசெய்ய ஐரோப்பாவில் ஆள் தேடியவர்கள் அப்படி முணுமுணுப்பதில்லை. வண்டி புறப்படுவதற்கு இரண்டு நிமிடம் முன்னரே கதவுகளை மூடிவிடுவார்கள் என்பதால், கையில் பெரிய கருவி இருக்கும்போது இருபது நிமிடமாவது முன்னதாக நடைமேடைக்கு வந்துவிட வேண்டும்.

இனி எல்லைக்கு வருவோம். சுவிட்சர்லாந்து 2008ஆம் ஆண்டிலிருந்து ஷெங்கன் பகுதியில் இருப்பதால் கடவுச்சீட்டுச் சோதனை பெரும்பாலும் இருக்காது. ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே இருக்கும் நாடு. ஆளுக்கு எல்லை இல்லை, பொருளுக்கு எல்லை உண்டு என்ற இந்த இரட்டை நிலையை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். எல்லை நகரான பாசெல் பகுதியில் சுங்க அலுவலர்கள் வண்டியில் ஏறி, மேலே இருக்கும் பெட்டி யாருடையது என்று கேட்பது வழக்கமான காட்சி. உங்களுக்குச் சொந்தமான, பயன்படுத்திய, திரும்ப எடுத்துச் செல்லப்போகும் கருவி என்றால் வரி இல்லை. அதை நிறுவ ஒரு பழைய புகைப்படமும், வாங்கிய அல்லது பழுதுபார்த்த ரசீதும், கச்சேரி அழைப்பிதழும் கைவசம் இருந்தால் போதும். கச்சேரிக்குச் சன்மானம் உண்டென்றால், முன்கூட்டியே சுங்கத் துறைக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடுவது நிம்மதி. வணிகச் சங்கங்கள் வழங்கும் ஏ.டி.ஏ. கார்னே என்ற ஓராண்டுச் சுங்கச்சீட்டு, மேடை விளக்குகளும் ஒலிபெருக்கிகளுமாக வண்டி நிறையக் கொண்டுபோகிறவர்களுக்குத்தான் உண்மையில் பயன்படுகிறது; ஒற்றை வீணைக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை.

பாட்டியார் காலத்து வீணை என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் என்னைச் சற்று நிறுத்தியது. பழைய தஞ்சாவூர் வீணைகள் பலவற்றில் குடத்தின் விளிம்பிலும் தண்டியின் ஓரங்களிலும் உண்மையான யானைத் தந்தத் தகடுகள் பதித்திருப்பார்கள். பிற்காலத்து வீணைகளில் அந்த இடத்தில் பிளாஸ்டிக் வந்துவிட்டது. ஆசிய யானை, அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. தந்தம் பதித்த கருவியோடு ஒன்றியத்தின் எல்லையைக் கடக்க அனுமதிச்சீட்டு வேண்டும். இல்லாவிட்டால் கருவியைப் பறிமுதல் செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அடிக்கடி பயணம் செய்யும் இசைக்கலைஞர்களுக்காகவே இசைக்கருவிச் சான்றிதழ் என்ற ஒன்றை 2013இல் பாங்காக்கில் கூடிய மாநாடு வகுத்தது. ஒருமுறை வாங்கினால் மூன்றாண்டு வரை பல எல்லைகளைக் கடக்கலாம். ஆனால் எல்லா எல்லைச் சாவடிகளும் அந்தச் சான்றிதழில் முத்திரையிடத் தகுதி பெற்றவை அல்ல. எந்த வழியாகப் போனால் முத்திரை கிடைக்கும் என்று கேட்டுவிட்டே டிக்கெட் எடுக்க வேண்டும். முதலில், தகடு தந்தமா பிளாஸ்டிக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். பிளாஸ்டிக்கில் அவை இரா. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாவிட்டால் பழைய கருவிகளைப் பழுதுபார்க்கும் வல்லுநர் ஒருவரிடம் காட்டி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் குறைவாக இருந்தால், இந்த ஒரு கச்சேரிக்கு வேறொரு வீணையை இரவல் வாங்கிச் செல்வதே நான் சொல்லக்கூடிய யோசனை.

கேள்வி: கோடையில் காரில் வீணையைக் கொண்டுபோகலாமா?
– வாசகர், மிலான்

பதில்: கொண்டுபோகலாம், நிறுத்தி வைத்த காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. வீணையின் மெட்டுகள் மெழுகுக் கலவையில் பதிந்திருப்பவை என்பது உங்களுக்குத் தெரியும். மூடிய காரின் பின்பெட்டி வெயிலில் அடையும் சூட்டில் அந்த மெழுகு இளகி, மெட்டு ஒரு நூலிழை நகர்ந்தாலும் சுருதி போய்விடும். மறுபடி மேளம் கட்ட, அதாவது மெழுகு வைத்து மெட்டுகளைப் பதிக்கத் தெரிந்தவர் மிலானில் உங்களுக்கு அகப்படுவது அரிது. பயணிகள் அமரும் பகுதியில், குளிர்சாதனம் ஓடும்போது, பின் இருக்கையில் படுக்கவைத்துப் பட்டியால் கட்டிச் செல்லுங்கள்.

கேள்வி: ஸ்டுட்கார்ட்டிலிருந்து லண்டனுக்குக் கஞ்சிரா வாசிக்கப் போகிறேன். கைப்பையிலேயே அடங்கிவிடும் கருவிதானே, அதற்கும் ஏதாவது கட்டுப்பாடு உண்டா?
– வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மிகச் சிறிய கருவியைப் பற்றியது உங்களுடையது; மிகப் பெரிய சிக்கலும் அதில்தான் இருக்கிறது. உங்கள் கஞ்சிராவில் இருப்பது உடும்புத் தோலா, ஆட்டுத் தோலா, செயற்கைத் தோலா என்று எழுதவில்லை. உடும்புத் தோல் என்றால் அதை எடுத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். நம் ஊர் உடும்பு சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது. இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு உச்சநிலைப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. 2021ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து பிரிட்டன் ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே போய்விட்டதால், ஸ்டுட்கார்ட்டிலிருந்து லண்டனுக்குப் போவதும் இந்த உடன்படிக்கையின் கண்ணில் ஏற்றுமதி, இறக்குமதிதான். குருநாதர் கொடுத்தது, முப்பது ஆண்டுப் பழமையானது என்ற விளக்கங்கள் தாளில் இல்லாதவரை அலுவலர்முன் செல்லாது. ஆட்டுத் தோலோ செயற்கைத் தோலோ போர்த்திய கஞ்சிரா ஒன்றைப் பயணத்துக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். நாதம் அதேபோல் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் செயற்கைத் தோல், லண்டன் மழையில் நனைந்து தளராது என்ற ஓர் ஆறுதல் இருக்கிறது.

கேள்வி: எங்கள் மிருதங்கப் பள்ளியிலிருந்து ஐந்து மாணவர்கள் லண்டனிலிருந்து பெர்லினுக்குச் சிக்கன விமானத்தில் போகிறோம். மிருதங்கங்களைக் கையோடு கொண்டுபோக முடியுமா? உடைந்தால் யார் பொறுப்பு? சுங்கத்தில் என்ன சொல்ல வேண்டும்?
– ஆசிரியர் ஒருவர், லண்டன்

பதில்: மிருதங்கத்தின் நீளம் 55 முதல் 60 சென்டிமீட்டர் வரை இருப்பதால், கைப்பெட்டியாகவே போய்விடும் என்று பார்த்தவுடன் தோன்றும். தடையாக இருப்பது நீளம் அன்று, வயிறு. ரயன்ஏர் அனுமதிக்கும் பெரிய கைப்பெட்டியின் அளவு 55, 40, 20 சென்டிமீட்டர். மிருதங்கத்தின் நடுப்பகுதி அந்த இருபதைத் தாண்டிவிடும். அந்த நிறுவனத்தில் அளவு மீறும் கருவிக்கு இரண்டே வழிகள்: தனி இருக்கை வாங்குவது, அல்லது கருவிக்கென்று உள்ள கட்டணத்தைச் செலுத்திச் சரக்கறையில் போடுவது. ஈசிஜெட் சற்றுத் தாராளமானது; 30, 120, 38 சென்டிமீட்டருக்குள் அடங்கும் இசைக்கருவியைக் கைப்பெட்டிக்குப் பதிலாக உள்ளே எடுத்துச் செல்ல விடுகிறது. மெல்லிய உறையிலிட்ட மிருதங்கம் இந்த அளவுக்குள் அடங்கும். தடித்த ஃபைபர் பெட்டியிலிட்டால் அடங்காமலும் போகலாம். பெட்டியோடு அளந்து பாருங்கள். டிக்கெட் எடுத்த பிறகு அளந்து பார்ப்பது நம்மவர் பழக்கம். இந்த ஒரு விஷயத்தில் அதை மாற்றிக்கொள்வது நல்லது.

சுத்தியையும் கல்லையும் கையோடு வைத்துக்கொள்ளாமல் சரக்கறைப் பெட்டியில் போட்டுவிடுங்கள். தோலைத் தட்டிச் சுருதி சேர்க்கத்தான் இவை என்று பாதுகாப்புச் சோதனையில் நீங்கள் விளக்கி முடிப்பதற்குள் விமானம் போய்விடும். இடந்தலையில் பூச ரவை எடுத்துப் போகவும் வேண்டாம். பெர்லினில் எந்தத் துருக்கியக் கடையிலும் கிடைக்கும்.

சரக்கறையில்தான் போட வேண்டும் என்றால், வலந்தலையின் சுருதியை ஓரிரு கட்டை இறக்கிவிட்டு, இரு முகங்களின்மேலும் வட்டமாக வெட்டிய அட்டையும் மேலே கெட்டியான பஞ்சும் வைத்துக் கட்டுங்கள். வலந்தலையின் நடுவிலுள்ள கறுப்புக் கரணையின்மேல் நேராக அழுத்தம் விழக் கூடாது. குளிர்காலத்தில் தோலுக்குக் குளிரைவிட வறட்சிதான் எதிரி; வெப்பமூட்டிய அறையில் கருவியைத் திடீரென்று திறந்து வைத்தால் தோல் இறுகிச் சுருதி ஏறும், கரணையும் வெடிக்கலாம். ஊர் போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்காமல் சில மணி நேரம் அறையிலேயே வைத்திருந்து, பிறகு திறப்பது நன்று.

உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பதில் சொல்கிறது. விமான நிறுவனத்திடம் ஒப்படைத்த சாமான் சேதமானால் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் ஒரு பயணிக்கு உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். என்ற கணக்கலகு, அதாவது யூரோவில் ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு. உங்கள் கருவி அதைவிட விலைமதிப்புள்ளதென்றால், ஒப்படைக்கும்போதே உயர்மதிப்பை எழுத்தில் அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தலாம், அல்லது தனியாகக் காப்பீடு எடுக்கலாம். இரண்டாவதே பெரும்பாலும் மலிவு. கருவியின் உள்ளார்ந்த குறையால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றும் உடன்படிக்கை சொல்கிறது; இந்த வாசகத்தைச் சாக்காகக் காட்டி, ஏற்கெனவே விரிசல் இருந்தது என்று நிறுவனம் வாதிடக்கூடும். ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் படமெடுத்து வைப்பது அதற்காகத்தான். சேதத்தை ஏழு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தாமதமாக வந்த சாமானுக்கு இருபத்தொரு நாள். பல ஆண்டுகளுக்கு முன், பெட்டி கையில் வந்த களைப்பில் திறந்து பார்க்காமல் வீட்டுக்குப் போய், பத்தாம் நாள் திறந்தபோது என் தம்புராவின் கழுத்து இரண்டாகியிருந்ததைப் பார்த்தவன் நான். அந்த நிறுவனம் அனுப்பிய கடிதம் மிக மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. பணம் மட்டும் வரவில்லை. ஆகவே விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழுது தெரிந்தால் அங்கேயே சாமான் முறையீட்டு மேடையில் பதிவு செய்து, அந்தச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

சுங்கத்தைப் பொறுத்தவரை, பயணி கையோடு கொண்டுவரும் தூக்கிச் செல்லத்தக்க இசைக்கருவியைத் தற்காலிகமாக அனுமதிக்க ஒன்றியத்தின் சட்டம் தனிப்படிவம் எதையும் கேட்பதில்லை; அறிவிக்க எதுவுமில்லாதவர்களுக்கான பச்சை வழியாக நடந்து போவதே அறிவிப்பாகக் கருதப்படும். திரும்பி வரும்போது பிரிட்டனிலும் அவ்வாறே. ஐந்து மிருதங்கங்களையும் ஒருவரே தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் மட்டும் விற்பனைக்கோ என்ற ஐயம் வருவது இயற்கை. அவரவர் கருவியை அவரவர் தூக்கட்டும்.

கேள்வி: என் மகள் செல்லோ பயில்கிறாள். ஓஸ்லோவிலிருந்து வியன்னாவில் நடக்கும் கோடைப் பயிற்சிக்குப் போக வேண்டும். செல்லோவுக்கும் இருக்கை வாங்கச் சொல்கிறார்கள். அது எப்படி?
– தாய் ஒருவர், ஓஸ்லோ

பதில்: செல்லோவைச் சரக்கறைக்கு அனுப்புவதைப் பற்றி எண்ணவே வேண்டாம் என்று அவளுடைய ஆசிரியர் சொல்லியிருப்பார், அவர் சொன்னது சரி. தனி இருக்கை என்பது விமானத் துறையில் ஏற்கெனவே உள்ள ஏற்பாடுதான். சி.பி.பி.ஜி. என்ற குறியீட்டில் அதைப் பதிவு செய்வார்கள். அது பயணியின் உடல்நிலைக்காகவோ வசதிக்காகவோ வாங்கும் கூடுதல் இருக்கையைவிட வேறானது என்பதால், டிக்கெட் எடுப்பவர் குறியீட்டை மாற்றிப் போட்டுவிட்டால் கதவருகே தகராறு வரும். இணையதளத்தில் தாமாகவே மகளின் பெயரை இரண்டு முறை தட்டச்சு செய்து இரண்டு இருக்கை வாங்கிவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் பலர். நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, பெட்டியோடு சேர்த்த நீள அகல உயரத்தையும் எடையையும் சொல்லி, எழுத்தில் உறுதி வாங்கிய பிறகே பணம் செலுத்துங்கள்.

செல்லோ சன்னலோர இருக்கையில்தான் அமரும். மற்றப் பயணிகள் எழுந்து வெளியேறும் வழியை அது மறிக்கக் கூடாது. அவசரகால வெளிவாயில் வரிசையில் இடம் தரமாட்டார்கள். இருக்கைப் பட்டியை நீட்டிக்கும் துண்டு ஒன்றைப் பணிப்பெண்ணிடம் கேட்டு வாங்கிக் கட்ட வேண்டும். வழியில் விமானம் மாறுவதாக இருந்தால் இரண்டாவது வண்டி எந்த வகை என்றும் பாருங்கள். பெரிய விமானத்தில் அமர்ந்து வந்த செல்லோவுக்குச் சிறிய உள்ளூர் விமானத்தில் இடமில்லாமல் போவதுண்டு. ஆகவே கூடியவரை நேரடி விமானமே நல்லது. தந்திகளைச் சிறிது தளர்த்தினால் போதும். முழுவதும் அவிழ்த்துவிட்டால் தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்வதோடு, உள்ளே பலகைகளைத் தாங்கி நிற்கும் சிறு குச்சியும் விழுந்துவிடும்.

இதெல்லாம் சலுகையா, உரிமையா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டின் சட்டமும் அதைத் தொடர்ந்து 2015இல் வந்த விதிகளும், சிறிய கருவிகளை இடமிருந்தால் உள்ளே அனுமதிக்கவும் பெரியவற்றுக்கு நிபந்தனையோடு இருக்கை விற்கவும் விமான நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகின்றன. ஐரோப்பாவில் அவ்வாறு ஒரு பிரிவைப் பயணிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2014இலேயே வாக்களித்தும், உறுப்பு நாடுகளின் இணக்கம் இல்லாமல் அது ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. ஆகவேதான் ஒரே கருவிக்கு ஒரு நிறுவனம் புன்னகையும் மற்றொன்று அபராதமும் தருகின்றன. நேரமும் பொறுமையும் இருந்தால் ரயிலிலும் படகிலுமாக வியன்னாவை அடையலாம். ஆனால் வளரும் பெண்ணையும் செல்லோவையும் இரண்டு நாள் வண்டி மாற்றி அலைக்கழிப்பதைவிட அந்த இரண்டாவது இருக்கைக்குப் பணம் கட்டுவது மேல். நார்வேயும் சுவிட்சர்லாந்தைப் போலவே ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதால், செல்லோவின் ரசீது நகலை அவள் பையில் வைத்து அனுப்புங்கள்.

கேள்வி: லண்டனில் தங்கையின் திருமணத்துக்குப் போய்விட்டு லியோனுக்குத் திரும்புகிறோம். இரண்டு பெரிய பெட்டிகளோடு ஒரு மேசைமேல் கிரைண்டரும் வருகிறது. யூரோஸ்டாரில் விடுவார்களா? பாரிஸில் நிலையம் மாற வேண்டுமே!
– தம்பதியர், லியோன்

பதில்: யூரோஸ்டாரில் சாதாரண வகுப்புப் பயணி ஒவ்வொருவரும் 85 சென்டிமீட்டர் நீளத்துக்கு உட்பட்ட இரண்டு பெட்டிகளும் ஒரு கைப்பையும் கொண்டுவரலாம், எடைக்கு விமானத்தைப்போல் தராசு இல்லை, நீங்களே தூக்கி ஏற்ற முடிய வேண்டும் என்பதுதான் கணக்கு. இரண்டு பேருக்கு நான்கு பெட்டிகள் ஆகையால் கிரைண்டருக்குத் தாராளமாக இடமுண்டு. சாமான்கள் அனைத்தும் எக்ஸ்ரே வழியாகப் போகும். கல்லும் இரும்புமாக ஒரு பாத்திரம் திரையில் தெரிந்தால் திறந்து காட்டச் சொல்வார்கள். கல்லைத் தனியாகவும் மோட்டாரைத் தனியாகவும் துணியில் சுற்றி மேலாக வைத்தால் விளக்குவது எளிது.

கோயம்புத்தூரில் செய்த கிரைண்டரை லண்டனில் வாங்கி பிரான்சுக்குக் கொண்டுபோனால் அது ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பொருள். வான்வழியும் கடல்வழியும் வருகிறவர்களுக்கு 430 யூரோ வரையும், நிலவழியாக வருகிறவர்களுக்கு 300 யூரோ வரையும் மதிப்புள்ள பொருள்களுக்கு வரிவிலக்கு உண்டு. ரயில் நிலவழிக் கணக்கில் வரும். உங்கள் கிரைண்டர் அந்த வரம்புக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். ஒரே பொருளின் விலையை இருவர் கணக்கில் பிரித்துக் காட்ட முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ரசீது கையில் இருக்கட்டும். பிரிட்டனில் சுற்றுலாப் பயணிகளுக்கு மதிப்புக்கூட்டு வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு 2020ஆம் ஆண்டின் முடிவோடு நின்றுவிட்டதால் அந்தப் பணத்தை எதிர்பார்க்க வேண்டாம். கல்யாண வீட்டில் கட்டிக்கொடுக்கும் நெய்யையும் பன்னீர்ப் பாலாடைக்கட்டியையும் அங்கேயே விட்டுவிட வேண்டும். பால், இறைச்சிப் பொருள்களை பிரிட்டனிலிருந்து ஒன்றியத்துக்குள் கொண்டுவரப் பயணிகளுக்கு அனுமதியில்லை. செருகியின் கால்களும் மாறுபடும் என்பதால் ஐரோப்பியச் செருகி மாற்றிக்கொள்ளுங்கள். மின்னழுத்தத்தில் சிக்கல் இல்லை.

பாரிஸில் நிலையம் மாறுவதற்கு நான் சொல்லும் யோசனை, மாறாமலே இருப்பது. லண்டனிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்குப் போகும் யூரோஸ்டார் வண்டிகள் பல, வட பிரான்சிலுள்ள லீல் யூரோப் நிலையத்தில் நிற்கின்றன. அதே நிலையத்திலிருந்து பாரிஸ் நகருக்குள் நுழையாமல் லியோனுக்கு நேரடி அதிவேக ரயில்கள் புறப்படுகின்றன. நடைமேடை மாறினால் போதும். பாரிஸ் வழியாகத்தான் டிக்கெட் எடுத்தாகிவிட்டதென்றால், கார் து நோர் நிலையத்தின் அடித்தளத்திலிருந்து ஆர்.ஈ.ஆர். டி வழித்தட வண்டியில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கார் த லியோன். மாலை நெரிசலில் நான்கு பெட்டிகளோடு அதில் ஏறுவது பற்றி உங்கள் துணைவியார் என்ன சொல்வார் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இடையில் இரண்டு மணி நேரமாவது வைத்திருந்தால், நிலையத்துக்குப் பின்புறமே இருக்கும் லா சப்பேலில் இட்லி சாப்பிட்டுவிட்டு வாடகைக் காரில் போகலாம்.

கேள்வி: சூரிச்சிலுள்ள எங்கள் நடனப் பள்ளியின் வெண்கல நடராசர் சிலையை ஸ்ட்ராஸ்பூர்கில் நடக்கும் அரங்கேற்றத்துக்குக் காரில் கொண்டுபோக வேண்டும். உயரம் இரண்டரை அடி. ஏதாவது சிக்கல் உண்டா?
– நடன ஆசிரியை, சூரிச்

பதில்: சிலை புதியது என்று காட்ட முடிந்தால் சிக்கல் பெரிதாக இல்லை. ஒன்றியத்துக்கு வெளியே உருவான கலைப்பொருள்களை உள்ளே கொண்டுவருவதற்கான புதிய ஒழுங்குமுறை 2025 ஜூன் 28 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழம்பொருள்களுக்கே அது அனுமதியும் உறுதிமொழியும் கேட்கிறது. ஆனால் வெண்கலச் சிலைக்கு வயது என்ன என்று எல்லையில் நிற்கும் அலுவலர் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுக் கோயில் சிலைகள் களவுபோன செய்திகளை அவரும் படித்திருப்பார். சிற்பியின் ரசீதும், இந்தியாவிலிருந்து வந்தபோது தொல்லியல் துறை தந்த பழம்பொருள் அன்று என்ற சான்றும் இருந்தால் இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். சிலை இசைக்கருவி அன்று. ஆகவே பச்சை வழிச் சலுகை இதற்குப் பொருந்தாது. பாசெலுக்கும் ஜெர்மனியின் வைல் அம் ரைனுக்கும் இடையிலுள்ள நெடுஞ்சாலைச் சாவடியோ, பிரெஞ்சுப் பக்கச் சாவடியோ, எதுவானாலும் வேலை நாளில், அலுவலக நேரத்தில் போய், நீங்களாகவே வண்டியை நிறுத்தித் தற்காலிகமாகக் கொண்டுபோகிறேன் என்று அறிவித்துத் தாள் வாங்கிக்கொள்ள வேண்டும். முன்பே கார்னே எடுத்திருந்தால் அங்கே முத்திரை மட்டும் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டு மாலை அரங்கேற்றத்துக்குள் போய்விடலாம் என்று திட்டமிட்டிருந்தால், வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.